நம் ஊர் வானியலாளர் ரகுநாதாச்சாரி: மொட்டை மாடியில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

இராயபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், மாதத்துக்கு ஒரு முறை, வளர்பிறை ஏழாம் எட்டாம் நாள் வாக்கில் ஒரு சிறிய தொலைநோக்கியை நிறுத்தி அக்கம்பக்கத்தாருக்கு நிலவைக் காட்டி வருகிறேன். வரிசையில் காத்திருப்பவர்களிடம் சிந்தாமணி ரகுநாதாச்சாரியைப் பற்றி ஏதாவது சொல்லுவேன். உடனே கேள்விகள் கிளம்பும். ஆள் மாறினாலும் கேள்விகள் அநேகமாக மாறுவதில்லை என்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே எழுதிப் பதில்களையும் சேர்த்திருக்கிறேன். மேலே சொன்னதைக் கீழே மறுபடி சொல்லவில்லை. வரிசையாகப் படிப்பது நல்லது.

"யாருங்க இவரு? பள்ளிக்கூடத்துல எங்களுக்கு யாரும் சொல்லித் தரலையே?"

சிந்தாமணி ரகுநாதாச்சாரி 19ஆம் நூற்றாண்டில் சென்னை வானாய்வகத்தில் பல பத்தாண்டுகள் பணியாற்றி, அதன் முதல் உதவியாளர் பொறுப்பு வரை உயர்ந்தவர். பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்திலிருந்து வந்தவர். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார்; 1872இல் இலண்டனிலுள்ள ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தப் பெருமையைப் பெற்ற முதல் இந்தியர் என்று அவரைக் குறிப்பிடுவது வழக்கம். 1880 பிப்ரவரியில் மறைந்தார்.

பாடப்புத்தகத்தில் அவரைக் காணாததில் எனக்கு வியப்பில்லை. கோட்பாடு ஒன்றை வகுத்தவர்களுக்கே நாம் அத்தியாயம் ஒதுக்குகிறோம். இரவுதோறும் உட்கார்ந்து விண்மீன்களின் இடத்தை அளந்தவர்களுக்கு ஒரு வரி கிடைத்தாலே பெரிது.

"ஆய்வகம் எங்கே இருந்தது? கோட்டைக்குள்ளயா?"

கோட்டைக்குள் இல்லை. 1786இல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி எழும்பூரில் தம் சொந்தச் செலவில் ஒரு வானாய்வகத்தைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் கிழக்கிந்தியக் கம்பெனி அதை ஏற்றுக்கொண்டு, மைக்கேல் டாப்பிங் என்பவரின் திட்டப்படி நுங்கம்பாக்கத்தில் தனிக் கட்டடம் எழுப்பியது. அது முடிந்த ஆண்டு 1792.

கம்பெனிக்கு வானத்தின் மீது திடீர்ப் பற்று ஏற்பட்டுவிடவில்லை. கப்பல் கடலில் எந்த இடத்தில் இருக்கிறது என்று அறியச் சரியான நேரம் வேண்டும். நிலத்தை அளக்கத் தொடங்குவதற்கு ஓர் ஊரின் தீர்க்கரேகையாவது பிசகின்றித் தெரிந்திருக்க வேண்டும். 1802இல் லாம்டன் என்ற அளவையாளர் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு என்னும் முதல் நேர்கோட்டை அளந்து தொடங்கிய பெரும் நில அளவைக்கும் இந்த ஆய்வகத்தின் தீர்க்கரேகையே பிடிமானம்.

"இப்பப் போனா அங்க பாக்குறதுக்கு என்ன இருக்கு?"

ஒரு கருங்கல் தூண் இருக்கிறது. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் உள்ள மண்டல வானிலை ஆய்வு மையத்தின் வளாகம்தான் பழைய வானாய்வகம் நின்ற இடம். அதிர்வு இல்லாமல் தொலைநோக்கியைத் தாங்குவதற்காக நிறுத்தப்பட்ட அந்தத் தூண் ஏறத்தாழ 15 அடி உயரம், 10 டன் எடை. அதில் டாப்பிங்கின் பெயரும், ரோம எண்ணில் 1792 என்ற ஆண்டும், தமிழும் தெலுங்கும் உள்ளிட்ட மொழிகளில் வாசகங்களும் வெட்டப்பட்டுள்ளன. கணித அறிவியல்கள் ஆசியாவில் முதன்முதலாக எப்போது ஊன்றப்பட்டன என்பதை ஆயிரம் ஆண்டுகள் கழித்து வருபவர்கள் அறிந்துகொள்வதற்காக என்பது அந்த வாசகத்தின் கருத்து. ஆசியாவில் முதன்முதலாம்! கிரகணம் கணித்துப் பஞ்சாங்கம் எழுதியவர்கள் கூப்பிடு தூரத்தில் குடியிருந்த ஊரில் அதை வெட்டியிருக்கிறார்கள்.

அது அரசு அலுவலகம் என்பதால் முன்னதாக எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு போவதே முறை. இராயபுரத்திலிருந்து செல்வோர் கடற்கரை நிலையத்தில் தாம்பரம் வண்டி பிடித்து நுங்கம்பாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் போகலாம். போனால் தூணை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். வானியல் இடம்பெயர்ந்த பிறகும் வானிலைப் பதிவு நிற்காமல் நடந்துவரும் வளாகம் அது. புயல் நாள்களில் நாம் தொலைக்காட்சியில் பார்க்கும் அதே மையம்தான்.

"அப்படி என்னதான் கண்டுபிடிச்சாரு?"

'ஆர் ரெட்டிகுலி' என்று பெயரிடப்பட்ட மாறொளி விண்மீனைக் கண்டறிந்தார். அது சுமார் 280 நாள்களுக்கு ஒரு முறை பொலிந்து மங்குகிறது. உச்சத்தில் கூட வெறுங்கண்ணுக்கு எட்டுமா எட்டாதா என்ற எல்லையில் நிற்கும். அடிமட்டத்துக்கு இறங்கினால் நல்ல தொலைநோக்கியிலும் தேட வேண்டியிருக்கும். ஒரு விண்மீன் குழுவில் முதலில் அறியப்படும் மாறொளி விண்மீனுக்கு 'ஆர்' என்ற எழுத்தைச் சூட்டுவது மரபு. ஆகவே, அந்தக் குழுவில் இவ்வகை விண்மீனை முதலில் கண்டவர் நம் ஊர்க்காரர் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

அவருடைய அன்றாட வேலை என்னவென்று தெரிந்தால்தான் இதன் அருமை புரியும். மெரிடியன் சர்க்கிள் என்ற தொலைநோக்கி இரண்டு தூண்களுக்கு இடையே பூட்டப்பட்டிருக்கும். தெற்கு வடக்காக மட்டுமே சாயும், பக்கவாட்டில் அசையாது. கண்வில்லைக்குப் பின்னால் சிலந்தி நூல் போன்ற மெல்லிய இழைகள் நெடுக்காக நிற்கும். விண்மீன் ஒரு பக்கம் நுழைந்து ஒவ்வோர் இழையாகக் கடந்து மறுபக்கம் மறையும். அது எந்த நொடியில், நொடியின் எந்தப் பங்கில் ஒவ்வோர் இழையையும் தொட்டது என்று குறிக்க வேண்டும். ஒரு விண்மீன் முடிந்ததும் அடுத்தது, அதற்கடுத்தது என்று விடியும் வரை இதே வேலைதான். இவருக்கு முன்பே, டெய்லர் என்பவரின் காலத்தில் இதே ஆய்வகம் 11,015 விண்மீன்களின் இடங்களைப் பட்டியலிட்டு 1844இல் வெளியிட்டிருந்தது. இப்படி ஓயாமல் அளப்பவர் கண்ணுக்குத்தான், சென்ற முறை இருந்த பொலிவு இந்த முறை இல்லை என்பது தட்டுப்படும். ரெட்டிகுலம் என்ற அந்தக் குழுவின் பெயரும் கண்வில்லையிலுள்ள இழை வலையைக் குறிப்பதுதான் என்பது தற்செயலான பொருத்தம்.

"அந்த நட்சத்திரத்தை இதே மாடியில இருந்து காட்டுவீங்களா அண்ணே?"

காட்ட முடிவதில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். சென்னையின் அட்சரேகை 13 பாகை. அந்த விண்மீனோ வான நடுக்கோட்டுக்கு 63 பாகை தெற்கே இருக்கிறது. கழித்துப் பார்த்தால், அது தென்வானில் மிக உயரமாக ஏறும் வேளையிலும் அடிவானத்திலிருந்து 14 பாகைதான் எழும். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் ஒரு முட்டி ஏறத்தாழ 10 பாகை; ஆக, ஒன்றரை முட்டி உயரம்.

இராயபுரத்திலிருந்து தெற்கே பார்த்தால் அந்த ஒன்றரை முட்டி உயரத்தில் இருப்பது துறைமுகத்துப் பாரந்தூக்கிகளின் விளக்கொளி. அதற்குப் பின்னால் நகரம் முழுவதின் வெளிச்சமும் சேர்ந்து மஞ்சள் படலமாக நிற்கிறது. டிசம்பர் முதல் வாரத்தில் நள்ளிரவிலும், ஜனவரி பிற்பகுதியில் இரவு 8 மணி அளவிலும் அது தெற்கு உச்சியில் இருக்கும். அகத்தியர் நட்சத்திரத்தைக் கண்டுகொண்டு, அதற்கு வலப்புறம் கீழே கண்ணை இறக்கினால் அந்தத் திசை கிடைக்கும். திசையைச் சுட்டிக் காட்டுகிறேன். விண்மீனைக் காண வேண்டுமென்றால் ஊர் வெளிச்சம் எட்டாத இடத்துக்குத்தான் போக வேண்டும். அவர் நுங்கம்பாக்கத்திலிருந்தே பார்த்தார் என்ற செய்தியில், 1867இன் சென்னை எவ்வளவு இருட்டாக இருந்தது என்பதும் அடங்கியிருக்கிறது.

"உண்மையிலேயே இவர்தான் கண்டுபிடிச்சாரா, துரை கண்டுபிடிச்சதுக்கு இவர் பேரைப் போட்டாங்களா?"

பொதுவாக நடப்பது இதற்கு நேர்மாறானது என்பதால் இந்தச் சந்தேகத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். அப்போது ஆய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சன். உதவியாளரின் கண்டுபிடிப்பை உதவியாளர் பெயரிலேயே அவர் பதிவு செய்தார்.

போக்சனுக்கு அடுத்தவர் புகழ் தேவைப்படவும் இல்லை. விண்மீன்களின் பொலிவை அளக்க உலகமே இன்றும் கையாளும் அளவுகோலை அவர் சென்னைக்கு வருவதற்கு முன், 1856இலேயே முன்மொழிந்துவிட்டார். ஒரு படி வேறுபாடு என்றால் பொலிவில் 2.512 மடங்கு, ஐந்து படி என்றால் சரியாக 100 மடங்கு. அந்தக் கணக்கில் ஆர் ரெட்டிகுலி 7 படிக்கு மேல் ஏறி இறங்குகிறது. அதாவது, மங்கிய நிலையைக் காட்டிலும் பொலிந்த நிலையில் அறுநூறு மடங்குக்கும் மேலான ஒளி. 1861 ஏப்ரல் 17 அன்று போக்சன் இங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டு அதற்கு 'ஏசியா' என்று பெயரிட்டார். ஆசியாவிலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் அது. அதன் பின்னும் சாஃபோ, சில்வியா, கமில்லா, வேரா ஆகியவற்றைச் சென்னையிலிருந்தே கண்டார். 1861இல் வந்தவர் 1891இல் இறக்கும் வரை இங்கேயே இருந்தார்.

அவருடைய மகள் எலிசபெத் ஐசிஸ் போக்சனும் ஆய்வகத்தில் உதவியாளராக உழைத்தவர். பெண் என்ற காரணத்தால் இலண்டன் கழகம் 1886இல் அவரை ஏற்கவில்லை, 1920இல்தான் உறுப்பினராக்கியது. ரகுநாதாச்சாரிக்கு 1872இல் திறந்த கதவு அவருக்குத் திறக்க 48 ஆண்டுகள் கூடுதலாகப் பிடித்தன.

"பஞ்சாங்கம் பாக்குறவரை எப்படி சயின்டிஸ்ட்னு சொல்றீங்க?"

பஞ்சாங்கம் என்பது முதலில் கணிதம். பலன் சொல்வது பின்னால் வருவது. சூரியனும் சந்திரனும் வானில் எங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்தவையே திதியும் நட்சத்திரமும். ரகுநாதாச்சாரி செய்தது, தொலைநோக்கியில் கண்ட இடத்துக்கும் பழைய சூத்திரப்படி வந்த இடத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்து, கண்டதற்கு ஒத்த கணக்கில் பஞ்சாங்கம் இருக்க வேண்டும் என்று வாதிட்டது. அவர் கணித்து வெளியிட்டது திருக்கணித பஞ்சாங்கம். காட்சிக்கும் கணிதத்துக்கும் பொருத்தம் கேட்பது அறிவியலாளரின் குணம் அல்லாமல் வேறென்ன?

"அப்போ எங்க வீட்டு வாக்கியப் பஞ்சாங்கம் தப்பா?"

இந்தக் கேள்வியில் மாடியில் இரண்டு முறை சண்டையே மூண்டிருக்கிறது. எனவே நிதானமாகச் சொல்கிறேன். சந்திரன் எப்போதும் ஒரே வேகத்தில் போவதில்லை. பூமிக்கு அருகில் வரும்போது விரைந்தும், விலகும்போது தளர்ந்தும் செல்கிறது. இந்த ஏற்ற இறக்கம் 9 சுற்று முடிந்து ஏறத்தாழ முதல் நிலைக்கே திரும்ப 248 நாள்களாகின்றன. ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாக 248 சிறு வாக்கியங்களை இயற்றி, எழுத்துக்கு எழுத்து எண்களைப் புதைத்து வைத்தார்கள். வாக்கியத்தை மனப்பாடமாகச் சொன்னால் சந்திரனின் இடம் கிடைத்துவிடும். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயர் அதனால் வந்தது. தாளும் மையும் இல்லாத இடத்திலும் நடக்கும் கணக்கு அது.

அதன் திறமைக்கும் குறைக்கும் ஒரே சான்று இருக்கிறது. இதே சென்னை ஆய்வகத்தில் சில ஆண்டுகள் பொறுப்பு வகித்த ஜான் வாரன், புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, வாய்பாடுகளை நினைவிலிருந்தே சொல்லி, 1825இல் வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கம் 4 நிமிடம் மட்டுமே பிசகியது. நடுப்பகுதி 23 நிமிடமும் முடிவு 52 நிமிடமும் பிசகின. முதல் எண்ணைச் சொல்லிப் பெருமைப்படுபவர்கள் மூன்றாவது எண்ணை விட்டுவிடுகிறார்கள். மூன்றாவதைச் சொல்லிக் கேலி செய்பவர்களுக்கு முதல் எண் நினைவில் இருப்பதில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது: வாக்கிய முறை மோசமான கணிதமன்று, திருத்தப்படாமல் நின்றுபோன கணிதம். மிகச் சிறிய பிழையும் பல நூற்றாண்டுகளில் சேர்ந்து பெரிதாகும். அவ்வப்போது வானத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதே ரகுநாதாச்சாரியின் கட்சி.

"சனிப்பெயர்ச்சி ஒரே வருஷத்துல ரெண்டு தடவை வந்துச்சே, அதையும் தொலைநோக்கியில பாத்து எது சரின்னு சொல்லிடலாமே?"

பாதி சொல்லலாம். சனி கும்பத்துக்குப் போவதாகத் திருக்கணிதம் சொன்ன நாள் 2023 ஜனவரி 17. வாக்கியம் சொன்ன நாள் அதே ஆண்டு டிசம்பர் 20. திருநள்ளாற்றில் கூட்டம் கூடியது வாக்கியப்படி. சனி 30 பாகையைக் கடக்கவே ஏறத்தாழ இரண்டரை ஆண்டு எடுத்துக்கொள்ளும் கோள் என்பதால், கணக்கில் சில பாகை பிசகினாலே பெயர்ச்சி மாதக்கணக்கில் தள்ளிப்போகும். முன் பதிலில் சந்திரனுக்கு நிமிடமாகத் தெரிந்த பிழை இங்கே மாதமாகத் தெரிகிறது.

சனி இன்று எந்த விண்மீனுக்கு அருகே இருக்கிறது என்பதைத் தொலைநோக்கி காட்டிவிடும். அதில் திருக்கணிதத்தை மறுக்க முடியாது. ஆனால் கும்பம் எங்கே தொடங்குகிறது என்று வானத்தில் கோடு ஏதும் போட்டிருக்கவில்லை. அது அயனாம்சம் என்ற பெயரில் மனிதர்கள் வகுத்துக்கொண்ட எல்லை. அதன் பிறகு பலன் உண்டா இல்லையா என்பது வேறு வழக்கு. அதற்கு என் மாடியில் இடமில்லை.

"இதெல்லாம் நுங்கம்பாக்கத்துக் கதை. நம்ம வடசென்னைக்கு என்ன சம்பந்தம்?"

நேரம்தான் சம்பந்தம். அன்று சென்னைக்குச் செயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் நம் கரைக்கு எதிரே கடலில் நங்கூரமிட்டு நிற்கும், சரக்கும் ஆளும் மசூலாப் படகில் வந்து இறங்க வேண்டும். புறப்படும் முன் கப்பல் கடிகாரத்தைச் சரிபார்க்க நம்பகமான நேரம் ஒன்று தேவைப்பட்டது. அதை ஆய்வகம் கொடுத்தது; அதன் கடிகாரத்தோடு இணைத்த பீரங்கி ஒன்று இரவு 8 மணிக்கு முழங்கும் ஏற்பாடும் இருந்தது. 1856 ஜூலை 1 அன்று இராயபுரம் நிலையத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் கிளம்பியது. பின்னாளில் இந்திய இரயில்வே அட்டவணைகளில் பொது நேரமாக வழங்கியது 'மெட்ராஸ் டைம்'தான். கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 நொடி முந்திய நேரம் அது.

கோட்டைப் பீரங்கிக்கு இன்னொரு பங்கும் உண்டு. ஆய்வகத் தலைவர் கோல்டிங்காம், சுமார் 4 கி.மீ. தொலைவிலுள்ள கோட்டையிலும் 9 கி.மீ. தொலைவிலுள்ள பரங்கிமலையிலும் காலை மாலை சுடப்பட்ட பீரங்கிகளின் ஒளியைப் பார்த்து, ஓசை வந்து சேரும் வரை நொடிகளை எண்ணி, காற்றில் ஒலியின் வேகத்தைக் கணக்கிட்டு 1823இல் வெளியிட்டார். பரங்கிமலை ஓசை வந்து சேர ஏறத்தாழ 26 நொடி ஆகும்.

"பிள்ளைங்களுக்கு இங்கயே காட்டுற மாதிரி ஏதாவது சொல்லுங்க."

ஏப்ரல் 24 அல்லது ஆகஸ்ட் 18 அன்று நண்பகலில் மொட்டை மாடியில் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வையுங்கள். சென்னையில் அந்த இரு நாள்களிலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும்; டம்ளரைச் சுற்றி நிழல் எந்தப் பக்கமும் நீளாது. ஆனால் 12 மணிக்குக் காத்திருந்தால் ஏமாறுவீர்கள். ஏப்ரலில் அது நடப்பது சுமார் 12:07க்கு, ஆகஸ்டில் சுமார் 12:13க்கு.

இன்று நம் கடிகாரம் காட்டுவது 1906இல் வந்த இந்தியப் பொது நேரம். அது பழைய மெட்ராஸ் நேரத்தைவிட 8 நிமிடம் 46 நொடி முந்தியது. மீதி வித்தியாசம் சூரியன் ஆண்டு முழுவதும் ஒரே சீராக நகர்வதாகத் தோன்றாததால் வருவது. சென்ற ஏப்ரலில் பக்கத்து வீட்டுச் சிறுமி டம்ளருக்கு அருகே மண்டியிட்டு, நிழல் ஒடுங்கி ஒடுங்கி அடிவிளிம்புக்குள் போனதும் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "கடிகாரம் தப்பா ஓடுதா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதில்தான் மேலே இருப்பது.

"அவ்வளவு நல்லா நடந்த ஆய்வகத்தை ஏன் மூடினாங்க?"

மூடவில்லை, மலையேற்றினார்கள். சூரிய ஆராய்ச்சிக்குத் தெளிந்த வானம் வேண்டும் என்று 1899இல் வானியல் பணி கொடைக்கானலுக்கு மாறியது. ஷெல்டன் செய்த பழைய ஆய்வகக் கடிகாரமும் அங்கே போய் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பெங்களூரில் தலைமையகம் கொண்ட இந்திய வான் இயற்பியல் நிறுவனம் தன் மூலத்தை நுங்கம்பாக்கத்துக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் தொலைநோக்கிகளும் அதே நிறுவனத்தைச் சேர்ந்தவை.

"வெள்ளைக்காரனுக்குக் கப்பல் ஓட்டவும் நிலம் அளக்கவும் உதவினவரை நாம ஏன் கொண்டாடணும்?"

நான் பார்த்தவரையில் இதுதான் மிகக் கடினமான கேள்வி. கேட்டவர் ஒரு கல்லூரி மாணவர். கம்பெனியின் தேவை என்ன என்பதை இரண்டாவது பதிலில் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்துக்குப் போக்சன் மசூலிப்பட்டினம் போனபோது ரகுநாதாச்சாரி வனபர்த்திக்கு அனுப்பப்பட்டார். அதுவும் அரசாங்கப் பணிதான். ஆனால் 1874இல் அவர் செய்தது எந்தக் கப்பலுக்கும் பயன்படாதது. அந்த ஆண்டு டிசம்பர் 9 காலையில் வெள்ளிக் கோள் சூரிய வட்டத்தைக் கடந்து போவது சென்னையில் தெரியவிருந்தது. அதை மக்களுக்கு விளக்க, ஆங்கிலத்திலும் இந்திய மொழிகள் சிலவற்றிலும் ஒரு சிறு நூலைக் கொண்டுவந்தார். ஒரு சித்தாந்தி சந்தேகம் கேட்க, ஆசிரியர் விடை சொல்லும் உரையாடலாக அதை எழுதினார். பழைய கணிதம் கற்றவரை எதிரியாக்கி வெல்லவில்லை. எதிரே உட்கார வைத்துப் பேசினார். இந்தப் பக்கத்தை நான் கேள்வி பதிலாக எழுதியதற்கும் அதுவே காரணம்.

2012 ஜூன் 6 அதிகாலை அதே காட்சி மறுபடி வந்தபோது, ஒரு பட்டறையில் இரவல் வாங்கிய 14ஆம் எண் வெல்டிங் கண்ணாடியோடு காசிமேட்டுக் கரையில் நின்றேன். சூரியன் கடலிலிருந்து எழும்போதே வெள்ளி அதன் மேல் மிளகு போலக் கரும்புள்ளியாக இருந்தது. ஐஸ் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து கண்ணாடியை வாங்கிப் பார்த்தார்கள். அடுத்தது எப்போது என்று ஒருவர் கேட்டார். 2117 டிசம்பர் என்றேன். அவர் கண்ணாடியை என்னிடம் திருப்பிக் கொடுக்காமல் இன்னொரு முறை பார்த்தார்.